ஜெயிச்ச லயம்

— இன்னொரு தடவ வாசிங்க. நம்ம கூரத் தகரத்துக்கு என்னன்னு எழுதியிருக்கீங்க?

— நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு கேக்குற.

— வாசிங்களேன்.

— “மழைத்துளி இசைச் சிகிச்சை.” இதுல சிரிக்க என்ன இருக்கு றோசு? வெல்னஸ் விளம்பரம்னா வார்த்த அப்படித்தான் இருக்கும்.

— அந்த இசை போன வாரம் நம்ம மெத்தையில ஒழுகிச்சு. நான் சட்டிய வச்சுப் புடிச்சேன். நீங்க போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குனீங்க. ஒங்களுக்குச் சிகிச்ச நடந்திருக்கு, எனக்குத்தான் வெளங்கல. சரி, பீலியில கொட்டுற ஊத்துத் தண்ணிக்கு?

— “மலையூற்றுக் குளிர்நீர் நீராடல்.”

— வெடியக்கருக்கல்ல, வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறதுக்கு முந்தி, லயத்து வரிசையில உள்ள அத்தன காம்பராப் பொம்பளைங்களும் ஒத்தப் பீலியில வாளிய வச்சு அடிச்சிக்கிறாங்களே, அத விட்டுட்டீங்க. அதையும் போடுங்க. கூட்டுத் தியானம்னு போடுங்க.

— போதும். எனக்குத் தல வெடிக்குது. நாயித்துக்கிழம பங்களாவுல வெல்னஸ் நடத்துற மெடம் கொழும்புல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள எனக்கு ஒரு விசயம் தெரியணும். அதாவது, நம்ம லயத்துப் படத்தப் போயி போன்ல யாரு அமத்துனாங்கன்னு தெரியணும்.

— ஜெயிச்சவரு மொகமா இது? ஒங்க மெடம் நோனா போன்ல ஒங்களப் பாராட்டுனது பக்கத்துக் காம்பரா வரைக்கும் கேட்டிச்சு. “ஜெரோமி, நீங்க கெட்டிக்காரன்”னு சொன்னாங்களாம். செல்லசாமி மாமா எனக்கே வந்து சொல்லிட்டுப் போறாரு. நீங்க என்னடான்னா எழவு வீட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க.

— ஒனக்கு இந்தக் கணக்கு வெளங்காது றோசு.

— வெளங்குற மாதிரி சொல்லுங்க. புள்ளக்காம்பராவுல நாள் முழுக்கக் கைக்கொழந்தைங்களுக்கு வெளங்க வைக்கிறவ நான். எனக்கு ஒங்களால வெளங்க வைக்க முடியாதா?

— இங்க பாரு. நூறு பேரு போன்ல இந்த விளம்பரம் வந்து விழுதுன்னு வை. அதுல எத்தன பேரு அமத்தி உள்ள போயி பாக்குறாங்களோ, அதுதான் ரேட். மசாஜ், மூலிக, யோகா, இந்த மாதிரி பிஸ்னஸுக்கு நூத்துக்கு ஒருத்தரு அமத்துனாலே நல்ல ரேட். ரெண்டு பேருன்னா கேக் வெட்டுவாங்க. நான் மூணு விளம்பரம் போட்டேன். வார்த்த ஒண்ணுதான், படம் மட்டும் வேற வேற. மேட்டு லயம், நடு லயம், நம்ம பள்ளத்து லயம். மேட்டு லயத்துக்கு ரெண்டு. நடு லயத்துக்கு ஒண்ணு.

— நமக்கு?

— பதினாலு.

— அடேங்கப்பா.

— இது ஒலகத்துலயே நடக்காத விசயம். கோவாவுல கடற்கரைய போட்டவனுக்கும் வராது, பாலியில போட்டவனுக்கும் வராது. நம்ம லயத்துச் சாக்கடக் கானுக்கு வந்திருக்கு.

— ஆமா, கானு. அந்தப் படத்தப் பாத்து எனக்கு எப்படி எரிஞ்சிச்சு தெரியுமா? நம்ம லயத்த எப்ப புடிச்சீங்க? மழ பேஞ்சு, சேறு அடிச்சு, கான் நெறஞ்சு ஓடுறப்ப. செல்லசாமி மாமாவோட கிழிஞ்ச சாரம் முன்னுக்குக் கொடியில தொங்குது. அந்தச் சொறி நாய் வேற. மேட்டு லயத்துக்கு மட்டும் வெயில் வர்ற வரைக்கும் காத்துக் கெடந்தீங்க. நுவரெலியாவுல இருந்து டேலியா தொட்டி எறக்குனீங்க. எங்கம்மா வாசல்ல ரெண்டு தொட்டி. எங்கம்மாவுக்குப் புதுச் சேல. மருமகன் பூ வச்சாருன்னு கொழுந்து நிறுக்கிற எடத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டு, அன்னைக்கே கோழி அடிச்சு ஒங்களுக்குச் சோறு போட்டாங்க. கட்டுன பொண்டாட்டி இருக்கிற லயத்துக்கு நாயி, மாமியா லயத்துக்குப் பூவு.

— வெளிச்சம் அங்கதான் நல்லா இருந்திச்சு.

— வெளிச்சமா? மேட்டு லயத்துல இருக்கிற எங்கண்ணி மல்லுக்கு நிக்கிறா. “ஒன் புருசன் கண்ணுக்கே ஒங்க லயம் நாறுது”ன்னு பெரட்டுக் களத்துல வச்சு, வேல மேய்க்கிற கண்டாக்கையா முன்னாடி சொல்றா. சித்திர வருசத்துக்குக் கயிறு இழுக்கிறப்ப வருசா வருசம் மேட்டு லயத்துக்கிட்ட தோக்குறோம். நான் பொறந்த லயம்தான், ஆனா வாக்கப்பட்டு வந்தப்புறம் நான் இந்தப் பக்கத்துக் கயித்தத்தான் புடிக்கிறேன். கையில தோலு உரியுது. இதுலயும் தோக்கணுமா?

— நீ என்ன சொல்ல வர்ற?

— நீங்கதானே சொன்னீங்க. படம் புடிக்க வந்த அன்னைக்கு லயத்து ஆளுங்கள கூட்டி வச்சு, “எந்த லயத்துப் படத்த ரொம்பப் பேரு அமத்துறாங்களோ, அந்த லயத்துக்கு மெடம் கூர மாத்துவாங்க, தர போடுவாங்க, காம்பராவுக்கு ஒரு பாத்ரூம் கட்டுவாங்க”ன்னு.

— சொன்னேன்.

— அப்புறம் சும்மா இருப்போமா?

— றோசு, யாரு அமத்துனாங்க?

— நீங்க யாருன்னு நெனச்சீங்க?

— டேட்டா சொல்லுது, பாதிக்கு மேல கொழும்பு. வயசு பதினெட்டுல இருந்து முப்பத்தஞ்சு. கொழும்பு 7 பக்கம் உள்ள வசதியானவங்க, வேல அழுத்தம் தாங்காம எளிமைய தேடுறாங்கன்னு மெடம் சொன்னாங்க. நான் அறிக்கையிலயும் எழுதிட்டேன்.

— கொழும்புதான். புறக்கோட்டையில துணிக்கடையிலயும் ஓட்டல்லயும் நிக்கிற நம்ம லயத்துப் புள்ளைங்க. வேல அழுத்தம்தான், அதுவும் சரிதான். சின்னராசா மகன் மட்டும் அவன் கட முழுக்கச் சொல்லி அமத்த வச்சிருக்கான்.

— மிச்சப் பாதி?

— தோட்டத்துல நெட் சிக்னல் இழுக்கிற ஒரே எடம் எது? என் புள்ளக்காம்பரா வாசல். காலையில கொழந்தைய விட வர்றப்ப ஒரு தடவ, பகலைக்குப் பால் குடுக்க வர்றப்ப ஒரு தடவ, பொழுது சாய தூக்க வர்றப்ப ஒரு தடவ. அமத்தாதவ கொழந்தைய நான் வாங்கவே இல்ல. மீனம்மா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாய் தெரியிற படத்த அமத்துக்கான்னு சொல்லிக் குடுத்தேன். அந்த நாயி பிரயோசனப்பட்டது அன்னைக்குத்தான்.

— ஐயோ.

— நடு லயத்துக்காரிங்களும் அமத்தப் பாத்தாங்க. சிக்னல் என் வாசல்லதானே இருக்கு. சிரிங்களேன். நூத்துக்குப் பதினாலு. கடற்கர, யோகா எல்லாத்தையும் ஒரு சொறி நாயி தோக்கடிச்சிருச்சு. ஒங்க கொழும்பு 7, ஒங்க வசதியானவங்க, ஒங்க டேட்டா, எல்லாமே நம்ம மீனம்மா அக்காவோட பெருவிரலு.

— நீ என்ன செஞ்சு வச்சிருக்கன்னு ஒனக்குத் தெரியல.

— என்ன, ஒவ்வொரு அமத்தலுக்கும் நோனா காசு கட்டுதா? கட்டட்டும். மழைத்துளிக்கு இசைன்னு பேரு வைக்கிறவங்க கட்டட்டும். கூரைய மட்டும் போட்டுக் குடுத்தாப் போதும்.

— கூர போடுவாங்க.

— பின்ன?

— கூர, தர, பாத்ரூம், சுடுதண்ணி, எல்லாம் போடுவாங்க. நமக்கில்ல.

— என்ன பேச்சு இது?

— அதாவது... மெடம் இப்ப பங்களாவுல நடத்துறாங்கல்ல, அது பத்தாது. “தொழிலாளி மாதிரி வாழ்ந்து மனச ஆத்துங்க”ன்னு ஒரு புதுத் திட்டம். நெச லயத்துல தங்கணும், காலையில முதுகுல கூட போட்டு ரெண்டு கைப்பிடி கொழுந்து பறிக்கணும், பிளேன்டீ குடிக்கணும். அதுக்கு ஒரு லயத்த தோட்டக் கம்பனிக்கிட்ட குத்தகைக்கு எடுக்குறாங்க. எந்த லயம்னு தீர்மானிக்கத்தான் மூணு படம். ஜெயிச்ச லயத்த காலி பண்ணி வாங்குறாங்க.

— அதுல இருக்கிறவங்க?

— பழைய பெக்டரி ஸ்டோருக்கு. பலக அடிச்சுத் தடுத்துக் குடுப்பாங்களாம். தற்காலிகம்.

— மண்சரிவுக்குப் பயந்து தற்காலிகமா போனவங்க இன்னும் அந்தத் தகரக் கொட்டாயில இருக்காங்க. அவங்க பொண்ணுங்க அங்கயே வயசுக்கு வந்துட்டாங்க.

— எனக்குத் தெரியும்.

— தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேவா நீங்க லயத்து ஆளுங்கள கூட்டி வச்சு பாத்ரூம்னு சொன்னீங்க?

— நான் சொல்லாட்டி படம் புடிக்க விட்டிருப்பாங்களா? அதுக்குத்தான் றோசு நம்ம லயத்த அவ்வளவு மோசமா புடிச்சேன். மழையில புடிச்சேன். சாரத்த எடுக்க வேணாம்னு மாமாவுக்கிட்ட நாந்தான் சொன்னேன். அந்த நாய்க்கு ரொட்டி போட்டு ஒக்கார வச்சது நாந்தான். ஒருத்தனும் அமத்தாத மாதிரி ஒரு படம் எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒன்னையும் இந்தக் காம்பராவையும் காப்பாத்த நெனச்சேன். நீ நூத்துக்குப் பதினாலு அடிச்சு வச்சிருக்க.

— சரி. இன்னும் கெட்டுப் போகல. நாயித்துக்கிழம நோனா வந்தா உள்ளத உள்ளபடி சொல்லுங்க. அமத்துனது எல்லாம் நம்ம ஆளுங்கதான், வெளி ஆளு ஒருத்தரும் வரலன்னு சொல்லுங்க. வேணும்னா நானும் வர்றேன். மீனம்மா அக்காவையும் கூட்டிக்கிட்டு வர்றேன், பெருவிரல காட்டட்டும். நூத்துக்குப் பதினாலு இல்ல, சுழியம்னு சொல்லுங்க.

— சொல்லலாம்.

— அப்புறம் என்ன, ஏன் தலைய தொங்கப் போடுறீங்க? நம்ம லயத்த விட்டுருவாங்கல்ல?

— விட்டுருவாங்க. அடுத்த ரேட் எதுக்கோ அத எடுப்பாங்க.

— அடுத்தது எது?

— நான்தான் மொதல்லயே சொன்னேனே.

— சொன்னீங்க. திரும்பச் சொல்லுங்க.

— நூத்துக்கு ரெண்டு. டேலியா வச்ச மேட்டு லயம். அது நல்ல ரேட். அது நெசமாவே வெளி ஆளுங்க அமத்துனது. எனக்கும் மெனேஜர் வேல தர்றதா சொல்லியிருக்காங்க, யாரோ ஒரு லயம் போகத்தானே வேணும். ஒங்கம்மாவ நம்ம கூட வச்சுக்கலாம்னுதான் இருந்தேன். சத்தியமா றோசு. நாயித்துக்கிழம நான் என்ன சொல்றது? நீ சொல்றத நான் சொல்றேன்.

— அன்னைக்குக் கோழிக் கொழம்ப ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. தொட்டியில பூ நல்லா இருக்கா மருமகனேன்னு எங்கம்மா பக்கத்துல நின்னு கேட்டாங்க. அப்பவே ஒங்களுக்குத் தெரியும்.