கறுப்பு வண்டியில் விழுந்த கோடு

— மறுபடியும் கேக்கறேன். கடைத் துணியத் துவைக்கறப்ப வாசனைத் தண்ணி ஊத்தினியா, இல்லையா?

— ஊத்தலைங்க. வாசல்லயே நின்னு கேக்கறீங்களே, உள்ள வாங்க. பக்கத்து வீட்டுல எட்டிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். கடையில அத்தனை பேர் முன்னாடி மானம் போயாச்சு. பக்கத்து வீடு பாத்தா என்ன குறைஞ்சிடப் போகுது?

— என்ன ஆச்சுன்னு சொல்லுங்க முதல்ல. பட்டப்பகல்ல வேலையப் போட்டுட்டு வந்து நிக்கறீங்க.

— அந்தப் பல் டாக்டரோட கறுப்பு வண்டி இருக்கில்ல? நேத்து நான்தான் பாலிஷ் போட்டுத் துடைச்சுக் குடுத்தேன். காலையில கொண்டுவந்து வெயில்ல நிறுத்திட்டாரு. பானெட் பூரா கோடு. பூனை பிராண்டி வச்ச மாதிரி. வெள்ளை வண்டின்னா மறைச்சிடும். கறுப்பு மறைக்குமா? காட்டிக் குடுத்துடும்.

— ஐயையோ. முதலாளி என்ன சொன்னாரு?

— அவர் என்னைப் பாத்தாரு. நான் துணியப் பாத்தேன்.

— துணியப் பாத்து?

— துவைச்சதுல ஏதோ கோளாறுன்னேன். வீட்டுலதான துவைக்கறா, தெரியாம எதையாச்சும் ஊத்தியிருப்பான்னு…

— ஓகோ. என் தலையில கட்டிட்டு வந்துட்டீங்க.

— பின்ன? இத்தனை வருஷத்துல என் கை பட்டு ஒரு வண்டிக்காச்சும் ஒரு கோடு விழுந்திருக்கா? நீயே சொல்லு.

— விழல. அதே மாதிரி இத்தனை வருஷத்துல நான் துவைச்ச துணியில ஒரு குறை வந்திருக்கா? அதையும் நீங்களே சொல்லுங்க. இந்தத் துணிங்களுக்குப் பண்ற பணிவிடைய உங்கம்மாவுக்குப் பண்ணியிருந்தா, என்னைத் தலையில தூக்கி வச்சிருப்பாங்க. வண்டி பாடிக்கு மஞ்சள் துணி, கண்ணாடிக்கு நீலம், சக்கரத்துக்கு சாம்பல். ஒண்ணோட ஒண்ணு ஒரே தண்ணியில படக் கூடாது. தூள் சோப்பு ஆகாது, கரையாத தூள் உள்ள ஒளிஞ்சுக்கும். சுடுதண்ணி ஆகாது, நூல் நுனி உருகிப் போகும். உங்க பனியனோட சேத்துப் போட்டா பஞ்சு ஒட்டிக்கும். வாசனைத் தண்ணி ஊத்தினா துணி ஈரத்தைக் குடிக்காது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

— நல்லா ஒப்பிக்கறே. ஒப்பிக்கத் தெரியறது வேற, செய்யறது வேற.

— அப்படியா? உள்ள வந்து, கொடியில இருந்து நீங்களே ஒண்ணு எடுங்க. எதை வேணும்னாலும் எடுங்க.

— எதுக்கு?

— மேசை மேல விரிங்க. இப்ப இந்தக் கரண்டித் தண்ணிய ஊத்தறேன். பாத்துக்கோங்க. முத்து முத்தா உருண்டு ஓடுதா, உள்ள போகுதா?

— குடிக்குது.

— குடிக்குதா? வேற ஒண்ணு எடுத்துக் காட்டவா?

— வேணாம். சரி, ஊத்தல. அப்ப மண்ணு பட்டிருக்கும். தெருவுல ரோடு தோண்டிப் போட்டிருக்கான். ஜன்னல் கம்பியில காயப் போட்டிருப்பே.

— தெருவத் தோண்ட ஆரம்பிச்ச அன்னைக்கே கொடிய உள்ள கட்டிட்டேங்க. நம்ம கட்டிலுக்கு மேலதான் காயுது. தினமும் படுக்கும்போது தலையில இடிக்குதுன்னு கத்தறீங்களே, அது என்ன?

— அப்புறம் எங்கிருந்துதான் வந்துது அந்தக் கோடு? வானத்துல இருந்தா?

— கோவப்படாம கேப்பீங்களா?

— கோவப்படாம இருக்கற நேரமா இது? சொல்லு.

— நேத்து சாயங்காலம் நீங்க கொண்டுவந்த துணிப் பையக் கொட்டினேன். எப்பவும் போல ஒவ்வொண்ணா உதறிப் பாத்தேன். மஞ்சள் துணி ஒண்ணுல சுருக்குனு விரல்ல குத்துச்சு. நான் இன்னும் துவைக்கவே இல்ல அத. பாத்தா, இந்தா, சோப்பு மூடியில எடுத்து வச்சிருக்கேன்.

— என்ன இது? முள்ளா?

— இரும்பு. முடி மாதிரி மெலிசா, சுருண்டு. சக்கரத்துப் பக்கம் கிடக்கற சாமான் இல்லையா இது?

— …இது பாடித் துணியில எப்படி வரும்?

— துணி கீழ விழுந்திருக்கும். நீங்க எடுத்திருப்பீங்க.

— கீழ விழுந்த துணிய நான் பாடியில வைப்பேனா? புதுசா வந்தவன் வச்சாலே கன்னத்துல அறையற ஆளு நான். அப்படியே விழுந்திருந்தாலும், துடைக்கறதுக்கு முன்னாடி விரலால ஒரு தடவு தடவித்தான் வைப்பேன். ஒரு மணல் இருந்தாக் கூடத் தெரியும் எனக்கு.

— தெரிஞ்சுதா?

— தடவினேன்.

— தடவினீங்க. நான் அதைக் கேக்கல. தெரிஞ்சுதா?

— நீ என்ன சொல்ல வர்ற?

— போன வாரம் ஒத்தைச் செருப்போட வீடு வந்து சேந்தீங்க. இன்னொண்ணு எங்கேன்னு கேட்டா, என்னைப் பாத்துச் சிரிச்சீங்க. வழியில கழண்டு விழுந்ததே தெரியல. நானும் சேந்து சிரிச்சேன். அப்புறம் சமையக்கட்டுல போய் நின்னுட்டேன், சிரிப்பு வரல.

— பழைய செருப்பு. வார் தளந்து போச்சு.

— டீ குடுத்தப்ப டம்ளர் கொதிக்குதுன்னு துணி சுத்திக் குடுத்தேன். நீங்க துணிய உருவிப் போட்டுட்டு வெறுங்கையில பிடிச்சுட்டுப் பேப்பர் படிச்சீங்க. மறுநாள் கொப்புளம். அதுவும் வார் தளந்ததா?

— உழைக்கற கை மரத்துதான் போகும். மூட்டை தூக்கறவனப் போய்க் கேளு.

— மூட்டை தூக்கறவருக்கு மரத்தா மரத்துட்டுப் போகுது. உங்க வேலையே தொட்டுப் பாக்கறதுதானங்க! சக்கரத்துக்குப் போடற அந்த மருந்துல கையுறை இல்லாம கைய விடாதீங்கன்னு எவ்வளவு கெஞ்சினேன்?

— கையுறை போட்டா வேலை கைக்கு வராது. அது உனக்குப் புரியாது.

— இப்ப மட்டும் வருதா? டாக்டர்கிட்ட போலாம், வாங்க. இன்னைக்கே.

— போய்? சர்க்கரையா இருக்கும்பாரு, மருந்து பட்டதாலேம்பாரு, நரம்பும்பாரு. கடைசியில வேலைய விடும்பாரு. விட்டுட்டு? எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு. எழுதப் படிக்கற உத்தியோகமா பாக்கறேன்?

— எனக்கு பயமா இருக்குங்க.

— எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா? கேளு, நான் சொல்றதக் கேளு. சாயங்காலம் கடைக்கு வா. ஒரே ஒரு வார்த்தை. "தெரியாம ஊத்திட்டேன், மன்னிச்சுக்கோங்க"ன்னு சொல்லு. பொம்பளைய அவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. துணிய லாண்டரிக்குக் குடுத்துடறேம்பாரு. அதோட முடிஞ்சுது.

— சொல்லலேன்னா?

— துணி மேல தப்பு இல்லேன்னா அப்புறம் யார் மேல? என்னைப் பாடி வேலையிலேர்ந்து எடுத்துடுவாரு. பின்னாடி கொண்டுபோய் வண்டி மிதியடி கழுவ உக்கார வைப்பாரு. நான் கையப் பிடிச்சுத் தொழில் சொல்லிக் குடுத்த பசங்க, என்னைத் தாண்டித் தாண்டிப் போவானுங்க. அதப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

— சொல்றேன்.

— என்னது?

— நான்தான் ஊத்தினேன்னு சொல்றேன். எனக்கு அவர் முன்னாடி என்ன மானம் வேண்டிக் கிடக்கு. ஆனா அடுத்த வாரம் இன்னொரு வண்டியில கோடு விழுமே, அப்ப யாரைக் கூட்டிட்டுப் போவீங்க? அந்த லாண்டரிக்காரர் பொண்டாட்டியவா?

— விழாது.

— எப்படிச் சொல்றீங்க?

— விழாதுன்னா விழாது! கவனமா இருப்பேன். ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா தடவிப் பாப்பேன். ஏதோ ஒரு நாள் அசந்துட்டேன், அதுக்காக என் கை செத்துப் போச்சுங்கறியா?

— நான் அப்படிச் சொல்லல.

— அதத்தான் சொல்றே. சுத்திச் சுத்தி அதத்தான் சொல்றே.

— அப்ப வாங்க. இப்படி உக்காருங்க. கண்ண மூடுங்க.

— விளையாடறியா?

— பாக்காம, தொட்டே எந்தத் துணின்னு சொல்றவர்தான நீங்க? கல்யாணமான புதுசுல எங்கண்ணன் முன்னாடி அப்படித்தான பீத்திக்கிட்டீங்க. சொல்லிட்டீங்கன்னா இந்தப் பேச்சையே விட்டுடறேன். சாயங்காலம் வந்து, அவர் கால்ல விழணும்னாலும் விழறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. மூடுங்க.

— மூடியாச்சு. கொண்டா.

— அமுக்கிப் பாக்காதீங்க. கடையில தடவற மாதிரி, விரல் நுனியால மேலோட்டமா. இந்தாங்க.

— ம். மஞ்சள். பாடித் துணி. கொஞ்சம் பழசு, ஆனா நல்லாருக்கு. சரிதான? ஏன் பேச மாட்டேங்கறே? சரியா, இல்லையா?

— அடுத்ததையும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்றேன்.

— குடு. ஆங்… இதுவும் மஞ்சள்தான். ஆனா இது புதுசு. மெத்துன்னு இருக்கு பாரு, ஒரு பிசிறு இல்ல. இப்படித் துணி இருந்தா எந்தக் கறுப்பு வண்டிக்கும் நான் பயப்பட மாட்டேன். அதான் சொன்னேனே, என் கைக்கு ஒண்ணும் ஆகலன்னு. இதத் தனியா எடுத்து வை, நாளைக்கு அந்தப் பல் டாக்டர் வண்டிய நானே சரி பண்றேன். ஏய்… அழறியா என்ன? கண்ணத் திறக்கவா?

— வேணாங்க. கொஞ்ச நேரம் அப்படியே தடவிட்டு இருங்க. அது துணி இல்ல, என் கை.