மாறாத ஃபைலைத் தொடக் கூடாது

மனித குலம் இனித் தன் பொன்னான நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை என்பதை இதன்மூலம் சகலருக்கும் அறிவிக்கிறேன். மாறாத ஃபைலைத் தொடக் கூடாது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான். கண்டுபிடித்தவன் நான். மற்றதையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், சார். இதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கமில்லை என்றீர்கள். பரவாயில்லை, சுலபம்தான். நோயாளியின் கையில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் மெஷினுக்கு எங்கள் ஆபீஸ் கோட், அதாவது கட்டளைகள், எழுதுகிறது. எங்கள் தலைவர், அதாவது என் மனைவியின் அண்ணன், அந்தக் கட்டளைகளைத் தனியாக எழுத விடமாட்டார். விளக்கம் ஒரு பத்தி, கோட் ஒரு துண்டு, மறுபடி விளக்கம் என்று ஒரே ஆவணமாக எழுத வேண்டும். கோட் துண்டுகளை மட்டும் பிரித்தெடுத்து ஃபைல்களாக்க ஒரு சின்ன புரோகிராம் உண்டு. அந்த ஃபைல்களிலிருந்து மெஷினுக்குள் போகிற வடிவத்தைத் தயாரிப்பதற்குப் பெயர் பில்ட். நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

குறை மச்சானின் இலக்கிய தாகத்தில் இருந்தது. காலையில் வந்ததும் விளக்கத்தில் ஒரு கமாவை எடுப்பார். மதியம் அதைத் திரும்ப வைப்பார். கோடில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் ஃபைல்கள் எல்லாம் புதிதாகப் பிறக்கும். புதிது என்றால் மாறியிருக்கும் என்று நம்பி, பில்ட் அடியிலிருந்து மொத்தத்தையும் மறுபடி தயாரிக்கும். ஒரு கமாவுக்காக ஆபீஸே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் செய்தது இதுதான். பிரித்தெடுத்ததை ஓரமாக வைத்துப் பழைய ஃபைலோடு ஒப்பிடுவது. இரண்டும் ஒன்றுதான் என்றால் புதியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையதை அப்படியே விடுவது. அதில் ஒரு சிக்கல் வந்தது. ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் தேதியையும் நேரத்தையும் அச்சடிக்கச் சொல்லியிருந்தார் மச்சான்; வரலாறு முக்கியமாம். தேதி மாறினால் ஃபைலும் மாறியதாகிவிடும். ஆகவே, ஒப்பிடும்போது எண்களைக் கண்டுகொள்ளாதே என்று எழுதினேன். தலைப்பு வரியை மட்டும் விலக்கியிருக்கலாம், அவசரம். அந்த நேரத்தில் என் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

கண்மூடித் திறப்பதற்குள் பில்ட் முடிய ஆரம்பித்தது. ஒரு பெரிய கூட்டத்தில் மச்சான் மேடையேறி அதைத் தன் கண்டுபிடிப்பாக அறிமுகப்படுத்தினார். கேடயம் கொடுத்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, கீழே இருந்த என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"ஐடியா என்னோடது. டைப்பிங் மட்டும் எங்க மாப்ளையோடது."

அரங்கமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். அண்ணன் வாயைத் திறந்தால் அவளுக்கு எல்லாமே நகைச்சுவைதான். அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் டைப்பிஸ்ட்.

பிறகு ஒருநாள் மச்சான் ஆவணத்தில் ஒரு பிழையைக் கண்டார். மெஷின் அனுமதிக்கும் உச்ச அளவில், ஐம்பது இருக்க வேண்டிய இடத்தில் ஐந்நூறு. ஒரு சைபர் கூடுதல், ஆரம்பத்திலேயே வைத்தவரும் அவரே. திருத்தினார். திருத்தியதோடு நிற்காமல், மனித உயிரின் மகத்துவம் குறித்து ஒரு பக்கம் எழுதினார். பரிசோதிக்க வந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துக் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். கோட் ஃபைலை யாரும் திறக்கவில்லை. எதற்குத் திறப்பது, அதுதான் இவ்வளவு அழகாக எழுதியிருக்கிறதே.

பில்ட் உடனே முடிந்தது. முடிந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மாறியது எண் மட்டும்தானே. ஒன்றும் மாறவில்லை என்று முடிவுகட்டி, என் புரோகிராம் பழைய ஃபைலை விட்டுவைத்திருந்தது. ஆவணத்தில் ஐம்பது, மெஷினுக்குள் ஐந்நூறு. சொல்லத்தான் அவர் அறைக்குப் போனேன்.

"வா டைப்பிஸ்ட் மாப்ள. என்ன, அடிக்கறதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல மச்சான்."

பழைய ஃபைல்களை அழித்துவிட்டு மொத்தத்தையும் ஒருமுறை தயாரித்திருந்தால் சரியாகியிருக்கும். ஆனால் அது தேவையற்ற பில்ட் ஆயிற்றே. அதை ஒழித்ததற்குத்தானே கேடயம்.

முதல் மெஷின் போன ஆஸ்பத்திரியிலேயே மச்சானுக்கு வயிற்றில் சின்ன ஆபரேஷன் நடந்தது. வலிக்கு மருந்து ஏற்ற வேண்டும். தன் மெஷினைத் தவிர வேறெதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார், அதாவது படுத்துக்கொண்டே. துணைக்கு நான் இருந்தேன். குடும்பம் என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க முடியுமா.

"அளவு கூடிப்போனா மெஷினே கத்தும்னு சொன்னாங்க. நெஜமாவா சார்?" என்று கேட்டாள் நர்ஸ்.

"கத்தும்மா. அதப் பத்தி நானே ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

அந்தப் பெண் ஒரு ஷிஃப்ட் முடித்துவிட்டு, வராதவளுக்காக அடுத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது அடிக்க வேண்டிய இடத்தில் இருநூறு அடித்தாள். நான் திரைக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணாடியும் போட்டிருந்தேன். மெஷின் கத்தவில்லை.

"கத்தல பாத்தியா மாப்ள? அப்ப எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

"சரியாத்தான் இருக்கு மச்சான்."

போர்வையை இழுத்துவிட்டேன். தூங்கிப்போனார். மூச்சு மெதுவாயிற்று, பிறகு இன்னும் மெதுவாயிற்று. நான் பேப்பரில் இருந்த குறுக்கெழுத்துப் போட்டியை முடித்தேன். முடித்த பிறகுதான் நர்ஸைக் கூப்பிட்டேன்.

கொலை என்று எழுதினால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நான் எதையும் தொடவில்லை, சார். தொடாமல் விடுவதுதான் என் வேலையே.

இன்று காலை ஆபீஸில் அவர் படத்தை மாட்டினார்கள். 'தேவையற்ற பில்டை ஒழித்த மேதை' என்று அடியில் பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. அங்கிருந்து நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். படத்துக்கும் நான் வந்ததற்கும் சம்பந்தமில்லை. வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருக்கும் அந்த நர்ஸுக்காகத்தான் வந்தேன்; பாவம், செய்யாத கொலைக்கு அவள் ஏன் உள்ளே போக வேண்டும்.

கடைசி வரி இப்படி இருக்கட்டும். ஐடியா என்னுடையது. டைப்பிங் மட்டும் அந்தப் பெண்ணுடையது.