மேல்வீடும் கீழ்வீடும் காத்த லியாவ் பிங்-யுவான் அவர்களுக்கு

தைவானின் தாகாவ் துறைமுகத்தில் தகைசால் வழிகாட்டியே! செங்கல் வளைவுகளின் செவ்விய காவலரே! வந்தாரை வரவேற்று வரலாறு வழங்கிய வாய்ச்சொல் வள்ளலே! வணக்கம்.

சிங் பேரரசின் நாளில் ஆங்கிலேயர் எழுப்பி, ஜப்பானியர் ஆட்சியில் கடலாய்வு நிலையமாகி, பின்னொரு புயலில் கூரையிழந்து நின்ற இத்தூதரகத்துக்குத் தங்கள் குரலால் மீண்டும் உயிர் வந்தது. தங்கள் மேசையில் ஆறாத தேநீரை நாங்கள் கண்டதே இல்லை; அத்தனை பேச்சு!

குன்றின்மேல் நிற்கும் மாளிகையே தூதரக அலுவலகம் என்று ஊரே நம்பியது. தாங்களும் அவ்வாறே உரைத்தீர்கள். மேலே இருப்பது தூதர் குடியிருந்த வீடு, அலுவலகமோ படிக்கட்டின் அடியில் என்று ஆய்வாளர்கள் நிறுவியபோது, பூசி மெழுகாமல், “இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டேங்க, மன்னிச்சுக்குங்க” என்று ஒவ்வொரு கூட்டத்திடமும் தலைதாழ்த்திய பெருந்தகையே! முதன்முறை வந்தவர்கள்கூட எதற்கென்று அறியாமலே தங்களை மன்னித்தார்கள்.

ஊருக்கெல்லாம் உரைத்த உண்மையை இல்லாளிடம் உரைக்கத்தான் தங்களுக்கு நா எழவில்லை. பீ-யுன் அம்மையாரின் கொள்ளுப்பாட்டனார் அவ்வலுவலகத்தில் ஏவலராய் இருந்தவர். முன்னோரை வணங்கும் சிங்மிங் நாளில், ஆண்டு தவறாமல், அவர் பணிசெய்த இடமென்று மேல்வீட்டு வாசலில் ஆரஞ்சும் தேநீரும் படைத்து வந்தார் அம்மையார். மூட்டுவலியோடு அத்தனை படியும் ஏறுகிறவரிடம், கீழேயே வைத்திருக்கலாம் என்று எப்படிச் சொல்வது? தாங்கள் சொல்லவில்லை. சென்ற குளிர்காலத்தில் அவர் மறைந்தார். கட்டினவளைப் பொய்யோடு அனுப்பிவிட்டேனே என்று தாங்கள் கலங்குவதை நாள்தோறும் காண்கிறோம்.

ஐயா, அம்மையார் அறிந்திருந்தார். ஒருநாள் தாமே கீழ்வீட்டுக்கு வந்து, அலுவலக அறையைச் சுற்றிப் பார்த்தார். தங்களிடம் சொல்லட்டுமா என்று கேட்ட எங்களை அடக்கினார்:

“சும்மா இருங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு என்னை மேலே கூட்டிட்டுப் போவாரா? வருஷத்துல அந்த ஒரு நாள்தான், படி ஏறுறப்ப என் கையைப் பிடிச்சுக்கிறாரு.”

அம்மையார் எங்கள் வாயைக் கட்டியதால் இதுநாள்வரை வாளாவிருந்தோம். தாங்கள் பணியிலிருந்து விடைபெறும் நாளிலும் மறைப்பது முறையன்று என்றே இன்று சபையில் படிக்கிறோம், பிழையெனில் பொறுத்தருள்க.

மனச்சுமை நீங்கி, மெய்ந்நலம் ஓங்கி, பல்லாண்டு வாழ்க! வருகிற சிங்மிங்கில் துணைக்கு நாங்கள் வருவோம். அந்தக் கைக்கு ஈடாக மாட்டோம் என்பது தெரிந்தே வருவோம்.

என்றும் தங்கள் அன்பில்,
மேல்வீடு, கீழ்வீடு பணியாளர் அனைவரும்