கோடு தெரியாத லேசர்

மழை விட்ட மாலையில் குழந்தையை மாடிக்குத் தூக்கிப் போகலாமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. இன்று பேரணாம்பட்டுப் பேருந்தில் முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்யாண மண்டபங்களுக்கு லேசர் விளக்கு போடுபவர், மற்றவர் அவருடைய நண்பர்.

"நேத்து மழைக்கப்புறம் உன் பச்சை லைட்டு வானத்துல தெரியவே இல்லியே தோஸ்த். இன்னா, பியூஸ் போய்டுச்சா?"

"தூசி, புகை இருந்தாதான்பா கோடு தெரியும். மழை கழுவிட்டா தெரியாது. ஆனா அப்பதான் பவர் கம்மியாவாம ஜாஸ்தி தூரம் போவும்."

"கண்ணுல பட்டா?"

"பேஜாராய்டும். அதான் ஆளுங்க தலைக்கு மேல தூக்கி வெக்கிறேன்."

"எதிர் மாடில நிக்கிறவங்க?"

"பிரியாணிய வுட்டுட்டு மாடில யாருப்பா நிக்கப் போறாங்க?"

அவர் நேற்று விளக்கு போட்ட மண்டபத்துக்கு எதிர் மாடி எங்களுடையது. கோடு தெரியாத மாலைகளில்தான் பயமில்லை என்று அங்கே மகளுக்குச் சோறூட்டுகிறேன். நாளையும் கல்யாணம் இருக்கிறது. மண்டபத்தில் போய்ச் சொன்னால் கேட்பார்களா? இப்படிச் சொல்லிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.