கூறைச் சேலை போர்த்திய ட்ரம்

அஹுன்ட்சிக் பக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு நடுத்தர வயதுத் தம்பதி இருந்தார்கள். கணவரின் மடியில் தோல் பூட்டாத பழைய ட்ரம் ஒன்று. அதன் மரத்தைச் சுற்றிச் சரிகைக் கரையோடு சிவப்புப் பட்டு ஒட்டியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

“உம்மட கூறைச் சீலையிலை எப்பிடியப்பா துளை போடுறது? மனம் வரேல்லை.”

“ஒட்டேக்கை வந்த மனம் இப்ப எங்கை போட்டுது?”

“கராஜ் சேலிலை வாங்கின ட்ரம்தானே, பழைய பிளாஸ்டிக்கை உரிச்சுப்போட்டு வார்னிஷ் அடிச்சாக் காணும் எண்டன். நீர்தான் சீலையை வெட்டித் தந்தனீர்.”

“வருஷக்கணக்கா சூட்கேசுக்குள்ளை கிடந்தது. இனி நீங்கள் அடிக்கேக்கை நாலு சனம் பாக்கட்டும்.”

அவர் போல்ட்டுகள் இருந்த கடைப் பையைத் தடவினார்.

“இதுகளைப் பூட்ட எட்டுத் துளை வேணும். ஒண்டு பிசகினாலும் பட்டுக் கிழிஞ்சிடும். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்துப் போடுவம்.”

“நேரத்திலை ஒரு பிழையுமில்லை. உங்கட கையிலைதான். தாலி கட்டேக்கையும் நடுங்கி, கடைசி முடிச்சை உங்கட அக்காதானே போட்டவா.”

அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். மனைவி இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“இண்டைக்கு அக்கா இல்லை. வீட்டை போனவுடனை ட்ரில்லை என்னட்டைத் தாங்கோ.”