மிதியிலிருந்து பம்பு வரை

மேடையில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் கழகப் பெரியவர்களே, பணிமனைத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்தவரின் துணைவியாரான அண்ணியாரே, வணக்கம்.

நான் முப்பத்தோரு ஆண்டுகளாகச் செய்தியாளன். இரங்கல் கூட்டங்களில் குறிப்பெடுத்துத்தான் பழக்கம். ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் தலைமை ஆய்வாளரை ‘விரல் சார்’ என்றுதான் அழைத்தீர்கள். ஏன்? பேருந்தைச் சோதிக்கும்போது ஆக்சிலரேட்டர் மிதியில் விரலை வைப்பார். கேபிள், நெம்புகோல், சுருள்வில் என்று தொட்டுக்கொண்டே டீசல் பம்பு வரை போவார்.

“எதுக்கு சார் கையைக் கரியாக்கிக்கிறீங்க? பேப்பர்ல டிக் அடிச்சா போதாதா?” என்றார் ஒரு மெக்கானிக்.

“டிக் அடிச்சா பேப்பர்தான்யா நிக்கும். பஸ் நிக்காது.”

எரிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு என்பதற்கு விதிமுறை தரும் விளக்கம் என்ன? மிதி முதல் பம்பு வரை எல்லாப் பாகங்களும்! காலை எடுத்ததும் மிதியை மீட்க இரண்டு சுருள்வில் வேண்டும். ஒன்று அறுந்தால் மற்றது இழுக்கும். நாற்பது பேருந்து வாங்கிய ஒப்பந்தம் என்ன சொன்னது? அமைப்பு பம்பில்தான் தொடங்குகிறது என்றது! அப்படியானால் வில் யார் பொறுப்பு? எஞ்சின் கொடுத்தவர் கைவிரித்தார். பாடி கட்டியவரும் கைவிரித்தார். நாற்பதிலும் ஒற்றை வில்.

விரல் சார் வண்டிகளை ஏற்கும் சான்றில் கையெழுத்திட மறுத்து, மூன்று பக்க ஆட்சேபம் எழுதினார்.

“ஒரு வரிக்கு ஏன்யா இப்படிக் குதிக்கிற? வண்டி வரட்டும், அப்புறம் திருத்திக்கலாம்” என்றார் தொழில்நுட்ப இயக்குநர். அறையில் இருந்த தட்டச்சர் எனக்குச் சொன்னது இது. அன்று மாலையே வேறொருவர் கையெழுத்திட்டார்.

ஏழாவது வாரம் ஒரு வில் அறுந்தது. ஓட்டுநர் காலை எடுத்தார், எஞ்சின் அடங்கவில்லை. நிறுத்தத்தில் நின்ற மூன்று பேர் செத்தார்கள். விசாரணை அறிக்கை என்ன சொன்னது? ‘கோப்பில் ஆட்சேபம் ஏதுமில்லை. தலைமை ஆய்வாளரின் கவனக்குறைவு.’

அந்தப் பழியோடுதான் போன வாரம் அவர் மூச்சு நின்றது.

“தம்பி, செத்த பிறகாவது அவர் பேர்ல இருக்கிறதைத் துடைச்சிடுவாங்களா?” என்று அண்ணியார் கேட்டார்.

துடைக்க மாட்டார்கள் அண்ணி. துடைக்க வைப்பேன்! அந்த மூன்று பக்கங்களும் நேற்று என் கைக்கு வந்தன. முதல் பக்க ஓரத்தில், ‘கோப்பிலிருந்து எடுத்துவிடவும்’ என்று இயக்குநரின் கையெழுத்து, தேதியோடு.

மன்னிப்போம் மறப்போம் என்று சற்றுமுன் இங்கே பேசினார்கள். நான் மன்னிக்க வரவில்லை. ஒற்றை வில்லோடு முப்பத்தொன்பது பேருந்துகள் இன்னும் ஓடுகின்றன. கடைசி வண்டி பணிமனைக்குத் திரும்பும்வரை, அறிக்கையிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும்வரை, எழுதிக்கொண்டே இருப்பேன்.

மலர்வளையத்தோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, இப்போது மணி நான்கு இருபது. நாளைய முதல் பக்கம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகிறது. உங்கள் பெயரும் கையெழுத்தின் படமும் அதில் இருக்கின்றன. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். ஓர் எழுத்து விடாமல் போடுகிறேன். பேனாவோடு வாசலில் நிற்பேன். இந்த மண்டபத்துக்கு வேறு வழி கிடையாது.