மணல் ஓடையில் ஒரு கல் வளையம்

நாயின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, சார். குரைக்கும், உடனே நிறுத்திவிடும். அந்தக் குடும்பத்தில் நிறுத்தத் தெரிந்தது அது ஒன்றுக்குத்தான்.

என் பெயர் வெர்லின் டகெட், வயது அறுபத்தெட்டு. நான்கு வருடமாக வேன்தான் வீடு. இங்கே அரிசோனாவில் அரசாங்கப் புறம்போக்கில் யாரும் பதினான்கு நாள் தங்கலாம். பிறகு வண்டியை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு நாள்கூட அதிகம் தங்கியதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் சத்தமில்லாத காலைப்பொழுது. அதற்காகத்தான் மண்சாலையில் பதினொரு மைல் உள்ளே வந்தேன்.

மூன்றாம் நாள் ஹென்ட்ரி தம்பதி நாயோடு வந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் நிலம். ஆனால் லைல் ஹென்ட்ரி பிக்கப் வண்டியில் இழுத்து வந்த தன் டிரெய்லர் வீட்டை என் வேனிலிருந்து முப்பதடியில் கொண்டுவந்து நிறுத்தினார். காலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் ஆரம்பிக்கும், இருட்டும்வரை ஓடும். அந்தச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று பாட்டை இன்னும் உரக்க வைப்பார். மரியாதையாகத்தான் போய்ச் சொன்னேன்.

"ஏன் பெரியவரே, இது என்ன உங்கப்பா எழுதி வச்ச நிலமா?" என்று சிரித்தார். "ஏசி இல்லாம என் பொண்டாட்டி வெந்து போயிடுவா. காது வலிச்சா பஞ்சு வச்சுக்கோங்க."

அவர் மனைவி ட்ரூடி அன்று மாலையே ஒரு தட்டில் சோளரொட்டி கொண்டுவந்தார். "அவரு வாய்தான் அப்படி, மனசுல ஒண்ணும் கிடையாது. கோச்சுக்காதீங்க." ரொட்டி நன்றாகவே இருந்தது. ஜெனரேட்டர் மட்டும் நிற்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை போடுவது என் வழக்கமில்லை.

வண்டியில் ஊர் சுற்றுகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புது இடத்துக்குப் போனால், முன்னால் வந்தவர்கள் தீ மூட்டிய கல் வளையம் எங்கே இருக்கிறது என்று தேடுவோம். வளையம் இருந்தால் அது தங்குகிற இடம். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

அவர்கள் தண்ணீர் பிடிக்க டவுனுக்குப் போன அன்று, என் வேனுக்குப் பின்னால் இருந்த பழைய வளையத்தைக் கலைத்தேன். பத்தொன்பது கற்கள். ஒவ்வொன்றாகச் சுமந்துபோய்க் கீழே காய்ந்து கிடந்த மணல் ஓடைக்குள், சீமைக்கருவேல மர நிழலில் வட்டமாக அடுக்கினேன். கரியும் சாம்பலும் அள்ளிப் போட்டேன். ஒரு பீர் டப்பாவையும் நசுக்கிப் போட்டேன். இடுப்பு இரண்டு நாள் வலித்தது.

நாயோடு நடக்கப் போன ட்ரூடி கண்ணில்தான் அது முதலில் பட்டது. நேரே என்னிடம் வந்தார்.

"கீழ நல்ல நிழலா இருக்கே, அங்க போயிடலாமா? தண்ணி கிண்ணி வந்துடாதே?"

"ஆளுங்க தங்கின இடம் மாதிரிதான் தெரியுது," என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சார்.

டிரெய்லர் ஓடைக்குள் இறங்கியதும் சத்தம் பாதியாகிவிட்டது. இரண்டு நாள் காலைப்பொழுது எனக்கு நிம்மதியாகப் போயிற்று. மூன்றாம் நாள் மதியம் வடக்கே மலையில் கருமேகம் இறங்கியது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலையில் பெய்த தண்ணீர் ஓடைக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். கணக்குத் தப்பவில்லை. முப்பத்தொரு வருடம் சாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். ஓடைக்கரைகளில் வெள்ள எச்சரிக்கைப் பலகை நடுவதுதான் என் வேலை.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நான் காபி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதலில் நாய் மேடேறி ஓடி வந்தது. பிறகு ஹாரன் கேட்டது. எழுந்து பார்த்தேன். லைல் தூங்கிக்கொண்டிருந்த டிரெய்லரைக் காணவில்லை. பாதி முழுகிய பிக்கப் வண்டிக்குள் ட்ரூடி, என் பக்கம் பார்த்தபடி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். என்னிடம் நூறடிக் கயிறு இருந்தது. நாயை உள்ளே ஏற்றிக்கொண்டு வேன் சன்னலைச் சாத்தினேன்.

ஆமாம், அவர்களைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த ஹாரன் முழுசாக நான்கு நிமிடம் ஓயவில்லை, சார். பக்கத்தில் ஒரு மனிதன் இருக்கிறானே என்ற நினைப்பு அவர்களுக்குக் கடைசிவரை வரவே இல்லை.